கண்ணாடிப் புட்டியும் கலர்ப் பென்சிலும்

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்கின்ற நமக்கு ‘அட்டை’ என்றால் ஒரே பொருள்தான். விடியுமுன் ஜீப்பேறி, குமுளி வழியாகவும் கம்பமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, பொழுது சாயும்போது திரும்பும் நம் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் கணுக்காலைப் பற்றிக்கொண்டு இரத்தம் குடிக்கும் அந்தச் சிறு உயிரைப்பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். ஆகவே பல ஆண்டுகளுக்குமுன் ஒரு ஞாயிறன்று, “கடலிலிருந்து ஓர் அட்டை கொண்டுவந்திருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறேன், வந்து பாருங்கள்” என்று நான் அறிவித்தபோது, முன்வரிசையில் இருந்த பாட்டிமார் முகம் சுளித்ததில் வியப்பில்லை.

ஆனால் நான் கொண்டுவந்தது அட்டையே அன்று. அது இன்னதென்று அறிய எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. அதை அறிந்த நாளில், என் பொறுப்பில் இருந்த ஒரு சிறுவனை நான் அறியவே இல்லை என்பதும் கூடவே தெரிந்தது. அந்தக் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1999-ஆம் ஆண்டு மே மாதம். அப்போது நான் இப்பள்ளத்தாக்கின் ஒரு பங்கில் உதவிப் பங்குக் குருவாக இருந்தேன். கோடை விடுமுறையில் பீடச் சிறுவர்கள் பதினான்கு பேரை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு இராமேசுவரம் சென்றேன். அவர்களில் பன்னிரண்டு பேர் அதுவரை கடலைக் கண்டதில்லை. முல்லைப் பெரியாற்று வாய்க்காலும் சுருளி அருவியுமே அவர்கள் அறிந்த பெருநீர். பாம்பன் பாலத்தைக் கண்டு கூச்சலிட்டார்கள். உப்புநீரை வாயில் அள்ளித் துப்பினார்கள். சங்கும் சிப்பியும் பொறுக்கிப் பையை நிரப்பினார்கள்.

ஊர் திரும்பும் நாள் காலையில் பாம்பனின் தென்கரையில் ஒரு மீனவப் பெரியவர் வலையைப் பிரித்து உதறிக்கொண்டிருந்தார். வலையில் உள்ளங்கையளவு பவளப்பாறைத் துண்டொன்று சிக்கியிருந்தது. அதன்மேல் படிந்திருந்த கடற்பஞ்சின் ஓரத்தில், ஓர் அங்குல நீளத்தில் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வெயிலில் அது வெறும் சளித்துளிபோல் சுருண்டிருந்தது. பெரியவர் அந்தக் கல்லை ஒரு சட்டிக் கடல்நீரில் இட்டார். சிறிது நேரத்தில் அந்தத் துளி நீண்டது, விரிந்தது, நகர்ந்தது. நாங்கள் அனைவரும் வாயடைத்து நின்றோம். பால்வெள்ளை உடல். அதைச் சுற்றிலும் பட்டுப்புடவைக் கரைபோல் செம்மஞ்சள் நிறத்தில் அகலமான விளிம்பு. தலையில் இரு சிறு கொம்புகள். முதுகின் பின்பகுதியில் மலர்ந்த பூங்கொத்துப்போல் ஏதோ ஒன்று.

“இது அட்டைதானே?” என்று கேட்டேன்.

“அட்டை இல்ல சாமி. அட்டைன்னா யாவாரி தேடி வருவான்; இதுக்கு எவனும் வரமாட்டான். பார்ல கெடக்குற ஏதோ ஒரு பூச்சி. பேரெல்லாம் தெரியாது” என்றார் பெரியவர்.

கடலோரத்தார் ‘பார்’ என்பது கடலடிப் பாறைத்தொடரை. அவர்கள் ‘அட்டை’ என்பது வேறு. பிடித்து அவித்து உலர்த்தி, சீன நாட்டவர் உணவுக்காக அந்நாளில் ஏற்றுமதி செய்யப்பட்டு வந்த கடல் அட்டை அது. 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அதைப் பிடிப்பதே குற்றமாயிற்று. பெரியவர் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் நான் கேட்டுக்கொள்ளவில்லை. குருமடத்தில் படித்துப் பட்டம் பெற்றவனுக்குத் தெரியாதது வலை உதறுகிறவருக்கா தெரியும் என்று என் மனத்தின் ஒரு மூலை எண்ணியிருக்க வேண்டும்.

சிறுவர்கள் கலைந்து மீண்டும் சிப்பி பொறுக்கப் போய்விட்டார்கள். ஒருவன் மட்டும் சட்டியருகே குந்திக்கொண்டான். ஏழாம் வகுப்பில் இரண்டாம் ஆண்டாக இருந்தவன். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் மலைக்குக் காய் எடுக்கப் போவாள். மலையில் வேலை இல்லாத நாட்களில் ஏலக்காய் தரம் பிரிக்கப் போவாள். பள்ளியில் அவனுக்கு ‘மந்தம்’ என்று பெயர். ஒரு கேள்வி கேட்டால் விடை வருவதற்குள் மணி அடித்துவிடும் என்பார்கள். அவன் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தையும், முனை தேய்ந்த நாலைந்து கலர்ப் பென்சில்களையும் எடுத்து வரையத் தொடங்கினான்.

அரைமணி ஆயிற்று, ஒரு மணியும் ஆயிற்று. வேன் ஓட்டுநர் அவசரப்படுத்தினார். எல்லாரும் ஏறிவிட்டார்கள், அவன் வரவில்லை. நான் சென்று கூப்பிட்டேன். “இதோ ஃபாதர்” என்று சொல்லிவிட்டு மீண்டும் சட்டிக்குள் குனிந்தான். ஏதோ கேட்டான். காற்றிரைச்சலில் அது என் காதில் விழவில்லை. விழவேண்டுமென்று நான் முயலவும் இல்லை. எனக்குச் சினம் மூண்டது. “இந்த மந்தத்தினால்தான் ஏழாம் வகுப்பைவிட்டு நகராமல் கிடக்கிறாய்!” என்று அத்தனை பேர் காதுபடச் சொன்னேன். வேனுக்குள் சிரிப்பொலி எழுந்தது. அவன் தாளைக் கிழித்து இருக்கையில் போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். நான் அதை எடுத்து, பிறகு எறிந்துவிடலாம் என்று என் செபப் புத்தகத்துக்குள் செருகினேன். அந்த உயிரைக் கடல்நீரோடு ஒரு தண்ணீர்ப் புட்டியில் எடுத்துக்கொண்டேன்.

மதுரை வந்து சேருமுன்னரே அது அசைவற்றுப் போயிற்று. மறுநாள் கன்னியர் மருந்தகத்திலிருந்து சாராயச் சத்து வாங்கி, அதில் இட்டுக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துப் பள்ளியின் அறிவியல் அறையில் வைத்தேன். ‘கடல் அட்டை, பாம்பன், 1999’ என்று சீட்டும் ஒட்டினேன். இரண்டு வாரங்களில் செம்மஞ்சள் கரை மங்கியது. இரண்டு மாதங்களில் எல்லாம் போயிற்று. சுருங்கி வெளுத்த ஒரு தசைத்துணுக்குமட்டும் அடியில் கிடந்தது. பார்க்க வந்தவர்கள், “இதற்கா ஃபாதர் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்றார்கள்.

2003-இல் ஒரு திருமணத்துக்காக எங்கள் பங்குக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர் ஒருவர் பள்ளியைச் சுற்றிப் பார்த்தார். புட்டியைக் கையிலெடுத்து, கண்ணாடியை உயர்த்திக்கொண்டு நெடுநேரம் நோக்கினார்.

“சாமி, இது கடல் அட்டை இல்லை. கடல் அட்டை நட்சத்திர மீனுக்கு உறவு. இது நத்தைக்கும் சங்குக்கும் உறவு. ஓட்டைத் துறந்துவிட்ட கடல் நத்தை. ஆனால் இன்ன இனம் என்று சொல்ல என்னால் ஆகாது. உயிரோடு இருந்தபோது என்ன நிறம் என்று யாராவது எழுதி வைத்தார்களா?”

எழுதி வைக்கவில்லை என்றேன். “வெள்ளை உடல், சிவந்த கரை. கொம்பும் அதே சிவப்புத்தான் என்று நினைக்கிறேன்” என்று நினைவிலிருந்து சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். அப்போதுதான் எனக்கு அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. பழைய செபப் புத்தகத்தைத் தேடியெடுத்தேன். நான்காக மடிந்து அது அங்கேயே இருந்தது.

பேராசிரியர் அதை மேசையில் விரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இதை வரைந்தவர் யார்?” என்று கேட்டார். நான் விடை சொல்லுமுன் அவரே ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டத் தொடங்கினார். அன்று அவர் சொன்னவற்றைப் பிற்பாடு நூல்களிலும் படித்து உறுதி செய்துகொண்டேன்.

இவ்வகை நத்தைகள் முட்டையிலிருந்து வரும்போது சிறிய ஓடு ஒன்றைச் சுமந்தே வருகின்றன. வளரும்போது அதை உதிர்த்துவிடுகின்றன. ஓடு என்னும் அரண் போனபின் மீன்களிடமிருந்து எப்படித் தப்புவது? கடற்பஞ்சுகளில் கசப்பும் நஞ்சுமான பொருள்கள் உண்டு. இந்த நத்தைகளில் பலவும் அந்தப் பஞ்சையே மேய்ந்து, அதன் நஞ்சைத் தம் உடலின் ஓரங்களில் சேமித்துக்கொள்கின்றன. பகட்டான நிறமோ, ‘என்னைத் தின்னாதே’ என்ற எச்சரிக்கைப் பலகை. தலையிலுள்ள கொம்புகள் நீரில் கரைந்த மணத்தை அறியும் உறுப்புகள். அவை நமக்கு மூக்குப்போல. முதுகிலுள்ள பூங்கொத்து, மூச்சுவிடும் செவுள். தொட்டால் இரண்டையும் உள்ளிழுத்துக்கொள்ளும். இறந்தபின் அவை எப்படி இருந்தன என்று சொல்வது கடினம்.

இனம் காண்பதில் உள்ள சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரே பகுதியில் வாழும் வெவ்வேறு இனங்கள் ஒரே மாதிரி நிற உடையை அணிந்துகொள்வதுண்டு. ஒன்றைக் கடித்துக் கசப்பு அறிந்த மீன் மற்றவற்றையும் விட்டுவிடும் அன்றோ! வெள்ளை உடலும் சிவந்த கரையும் கொண்ட இனங்கள் ஒன்றல்ல, பல. ஆகவே கண்ணைக் கவரும் பெருநிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். சின்னஞ்சிறு செய்திகளையே பார்க்க வேண்டும். கரை ஒரே நிறமா, வரிவரியாக அடுக்கப்பட்டதா? அடுக்கானால் எது வெளியே, எது உள்ளே? கரையின் உள்விளிம்பு நேர்கோடா, நெளிவா? கொம்பின் நிறமும் செவுளின் நிறமும் என்ன? முதுகில் புள்ளி உண்டா? ஐயம் தீராவிடில் உடலை அறுத்து, நாவில் அரம்போல் அமைந்துள்ள நுண்ணிய பல்வரிசையை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். எங்கள் புட்டியிலிருந்ததோ, சாராயச் சத்தில் இடுமுன்னரே அழுகத் தொடங்கிய உடல். அறுத்தும் பயனில்லை.

“இதோ பாருங்கள்” என்றார் பேராசிரியர். “கரையின் உள்விளிம்பை அலை அலையாக நெளித்துக் காட்டியிருக்கிறார். கொம்பையும் செவுளையும் கறுப்பாகத் தீட்டியிருக்கிறார். பக்கத்தில் ஒரு தீக்குச்சியையும் வரைந்து நீளம் காட்டியிருக்கிறார். யார் சொல்லிக்கொடுத்தது?”

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கொம்பு கறுப்பாக இருப்பதை நானும் அந்தத் தாளில் முன்பே கண்டதுண்டு. சிவப்புப் பென்சில் தீர்ந்துபோனதால் கையில் கிடைத்ததைத் தீட்டிவிட்டான் என்று எண்ணியிருந்தேன். என் நினைவே பிழை. அவன் கண்ணே சரி. இரண்டு நாள் கழித்துப் பேராசிரியர் அஞ்சலில் ஒரு பெயரை எழுதி அனுப்பினார்: ‘குரோமோடோரிஸ் ஃபிதேலிஸ்’. “படத்தை வைத்துச் சொல்வதானால் இதுவே மிக நெருங்கியது. உடல் இல்லாமல் ஆணையிட்டுச் சொல்ல மாட்டேன்” என்றும் எழுதியிருந்தார்.

ஃபிதேலிஸ்! குருமடத்தில் இலத்தீன் பாடம் சுருங்கிப் போன காலத்தில் படித்தவன் நான். ஆயினும் அந்தச் சொல்லுக்கு அகராதி வேண்டியதில்லை. ‘விசுவாசமுள்ள’, ‘பற்றுறுதி மாறாத’ என்று பொருள். இந்தப் பெயரை வைத்தவர் யார் என்று தேடினேன். எட்வர்ட் பிரடெரிக் கெலார்ட் என்பவர். 1819-இல் கொழும்பில் பிறந்தவர், படை மருத்துவர். இலங்கை அரசு அவரை மன்னார்க் கடலின் முத்துச்சிப்பிகளை ஆராயப் பணித்தது. அந்த வேலைக்கிடையே அவர் ஓடற்ற கடல் நத்தைகளையும் கூர்ந்து நோக்கினார். 1858-இல் இந்த இனத்தை விவரித்துப் பெயரிட்டார். நாங்கள் நின்ற பாம்பன் கரைக்கு எதிர்க்கரை நாட்டில் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த செய்தி இது. 1860-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும் வழியிலேயே அவர் இறந்துபோனார்.

இந்திய கிழக்குக் கரையிலும் ஒருவர் இதே வேலையில் ஈடுபட்டிருந்தார். அவர் சென்னை மாகாண ஆட்சிப்பணியிலிருந்த வால்டர் எலியட். பல துறை உயிர்களையும் சேகரித்து, நம் நாட்டு ஓவியர்களைக் கொண்டு வண்ணத்தில் தீட்டச் செய்யும் வழக்கம் அவருக்கு இருந்தது. அவர் சேகரித்த கடல் நத்தைகளைப்பற்றி நியூகாசில் நகரத்து ஆல்டர், ஹான்காக் என்ற இரு அறிஞர்கள் 1864-இல் எழுதினார்கள். பின்னர் 1906-இல் சார்லஸ் எலியட் என்ற மற்றோர் ஆங்கிலேயர், நியூகாசில் அருங்காட்சியகத்திலிருந்த அந்தச் சேகரிப்பையும் கெலார்ட் விட்டுச்சென்ற படங்களையும் ஒருங்கே வைத்து ஒப்பிட்டு, தென்னிந்திய, இலங்கைக் கடல் நத்தைகளைப்பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார். புட்டிகளில் உடல் இருந்தது, நிறம் இல்லை. தாள்களில் நிறம் இருந்தது, உடல் இல்லை. ஒன்றுக்கு மற்றொன்று சாட்சியாயிற்று. அதைப் படித்தபோது, எங்கள் பள்ளியின் அறிவியல் அறையையும் என் பழைய செபப் புத்தகத்தையும் நினைத்து வெட்கினேன்.

பெயரைப்பற்றி இன்னும் ஒன்று. கெலார்ட் இதை ‘டோரிஸ்’ என்ற பேரினத்தில் சேர்த்தார். பின்வந்தோர் ‘குரோமோடோரிஸ்’ ஆக்கினார்கள். 2012-இல் மரபணு ஆய்வின் பயனாக ‘கோனியோபிராங்கஸ்’ என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். முந்தைய இரண்டும் இலத்தீன் இலக்கணப்படி பெண்பால், இது ஆண்பால். ஆகவே உடன் மாற்றப்பட்ட சில இனங்களின் பெயர் ஈறும் மாறவேண்டியதாயிற்று. கெலார்ட் பெயரிட்ட மற்றோர் இனமான ‘பிரெசியோசா’, ‘பிரெசியோசஸ்’ ஆயிற்று. ஃபிதேலிஸ் என்ற சொல்லோ இருபாலுக்கும் பொது. ஓர் எழுத்தும் மாறவில்லை. வீட்டுப்பெயர் இருமுறை மாறியும் இவ்வினம் தன் பெயரில் மாறாதிருப்பதைக் கண்டு எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

இத்தகைய உயிர்களின் வீடோ நம் கண்முன்னே தளர்ந்து வருகிறது. இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளையும் சேர்த்து 1986-இல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அதற்குமுன் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளைப் பெருமளவில் வெட்டியெடுத்தார்கள். தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. பவளமும் கடற்பஞ்சும் இல்லாத இடத்தில் இந்த நத்தைக்கு உணவும் இல்லை, உறைவிடமும் இல்லை. ஆகவே விடுமுறையில் கடலோரம் செல்லும் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. இப்படி ஒன்றைக் கண்டால் எடுக்காதீர்கள். கைப்பேசியில் மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், கொம்பும் செவுளும் தெளிவாகத் தெரிய ஒரு படம் எடுங்கள். எதன்மேல் இருந்தது என்பதையும் பிடியுங்கள். அளவு தெரிய அருகில் ஒரு நாணயத்தைக் காட்டுங்கள். இன்றைய அறிஞர்க்கு அது போதும். என்னைப்போல் புட்டி தேட வேண்டாம்.

இனி அந்தச் சிறுவனைப்பற்றிச் சொல்லவேண்டும். 2003-இல் பேராசிரியரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குச் சென்றேன். பூட்டியிருந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றும், தாயும் உடன் சென்றுவிட்டாள் என்றும் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அடுத்த ஆண்டே எனக்கும் மாற்றலாயிற்று. பங்கு மாறும்போதெல்லாம் அந்தத் தாளும் என்னோடு வந்தது.

இப்போது மீண்டும் இதே பள்ளத்தாக்கில் பணியாற்றுகிறேன். சென்ற ஆண்டு ஒரு மாலை, மனைவியோடும் சிறுமி ஒருத்தியோடும் ஒருவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். மகளுக்குப் புதுநன்மை, சொந்த ஊர்க் கோவிலில் வைத்துக்கொள்ள ஆசை என்றார். குரலை இனம் காணவில்லை, முகத்தையும் காணவில்லை. பெயரைச் சொன்னபோதுதான் திடுக்கிட்டேன். திருப்பூரில் சாயப்பட்டறை ஒன்றில், கேட்ட நிறத்துக்குத் துணியின் நிறம் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலையாம். “சின்ன வயசுல அம்மாகூட உக்காந்து ஏலக்காய் பிரிப்பேன் ஃபாதர். பச்சையிலேயே எத்தனையோ பச்சை இருக்கு. அந்தப் பழக்கந்தான்” என்றார். எங்கள் பள்ளி ‘மந்தம்’ என்று பெயரிட்டது அந்தக் கண்ணைத்தான். விரைவாக விடை சொல்லாததை நாங்கள் கண்டோம். நின்று பார்ப்பதை எவரும் காணவில்லை.

உள்ளே சென்று அந்தத் தாளையும் கடிதத்தையும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். அன்று வேனில் நான் சொன்ன சொல்லுக்கு, அவர் மனைவி மகள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் சற்று நேரம் தாளையே பார்த்திருந்தார்.

“நீங்க திட்டினது எனக்கு அவ்வளவா ஞாபகம் இல்ல ஃபாதர். சட்டித் தண்ணி சூடாகிக்கிட்டே வந்துச்சு. அதுதான் ஞாபகம் இருக்கு. ‘வரைஞ்சாச்சு ஃபாதர், கடல்ல விட்டுருவோமா’ன்னு கேட்டேன். உங்களுக்குக் காது கேக்கல.”

எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. சிறுமி தந்தையின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, “இது என்ன பூச்சிப்பா?” என்று கேட்டாள். அவர் தாளை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தார்.

“இந்தக் கரை சரியா வரல” என்று மகளிடம் சொன்னார். “அந்த நிறத்துல என்கிட்டப் பென்சில் இல்ல. சிவப்பத் தேய்ச்சு, அதுமேல மஞ்சளத் தேய்ச்சேன். அது இதவிட அழகா இருந்துச்சு.”